47 வயதில் கிட்டார்: எஃப் கார்டு வரவே மாட்டேன் என்கிறது

ஆறாவதுகம்பி:

வணக்கம். வயது 47. நான்கு மாதத்துக்கு முன் அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கினேன். பெரும்பாலும் தினமும் இரவில் அரை மணி நேரம் உட்காருகிறேன். ஈ மைனர், ஏ மைனர், டி கார்டுகள் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) எல்லாம் ஒருவழியாக வருகின்றன. ஜி-யிலிருந்து சி-க்குப் போய்ச் சேர்வதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. எஃப் பிடித்தால் ஆறு கம்பியில் இரண்டுதான் பேசும், மற்றதெல்லாம் டப் டப். மணிக்கட்டும் வலிக்கிறது. என் மகளுக்கு 12 வயது. என் கிட்டாரையே எடுத்து இரண்டு வாரத்தில் ஜி, சி என்று மாற்றி மாற்றி வாசிக்கிறாள். எனக்கு விரல் தடித்துவிட்டதா, வயது கடந்துவிட்டதா? விட்டுவிடலாமா? ஆறுதல் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.

தாமதவாசிப்பு:

ஆறுதல் வேண்டாம் என்றதால் நேராக வருகிறேன். விரலைச் சந்தேகப்படும் முன் கிட்டாரைச் சந்தேகப்படுங்கள்.

நான் தொடங்கியது 52 வயதில். எட்டு மாதம் எஃப்போடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் நட் உயரம். கிட்டார் கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் அந்தச் சின்ன எலும்புத்துண்டு (என்னுடையது வெறும் பிளாஸ்டிக்) செய்த வேலைக்கு எட்டு மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். முதல் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் உயரம் முழுதும் அங்கேதான் கையில் விழும். எஃப் பிடிக்கும் இடமும் அதுதானே.

இப்படிச் சோதியுங்கள். ஒரு கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் அந்தக் கம்பி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். மெல்லிய தாள் நுழையும் அளவு என்றால் சரி. தாராளமாக வெளிச்சம் தெரிந்தால் நட்டில் பள்ளம் ஆழம் போதவில்லை. அப்புறம் எஃப்பின் அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடியுங்கள், அது ஏ மேஜர். அங்கே எல்லாருக்கும் கொஞ்சம் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் நட்தான். அங்கேயும் வரவில்லையா? 12-வது ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். ஆறாவது கம்பிக்கு (தடித்தது) சுமார் 2.5 மி.மீ., முதல் கம்பிக்கு (மெல்லியது) 2 மி.மீ. இருந்தால் வாசிக்கலாம். 4 மி.மீ. என்றால் யாருக்குமே கஷ்டம்.

எதையும் நீங்களே அரத்தால் ராவாதீர்கள். பள்ளம் ஆழமாகிவிட்டால் கம்பி இரைய ஆரம்பிக்கும், ராவிய எலும்பு திரும்ப வராது. கிட்டார் சரிசெய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அதுவரை ஒரு குறுக்குவழி: எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமுக்கும் கவ்வி) போடுங்கள். கம்பி தளரும், நட்டின் உயரமும் கணக்கில் வராது, சுருதி பழையபடியே இருக்கும். கம்பி மாற்றும்போது 12 செட் வேண்டாம், 11 அல்லது 10 கேளுங்கள். முதல் கம்பி 0.012 அங்குல கனம் என்பதைத்தான் 12 என்கிறார்கள்.

இனி உங்கள் கை. எஃப்பில் ஆட்காட்டி விரல் ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் கையை முறித்துக்கொள்கிறோம். 5, 4, 3 கம்பிகளை மற்ற மூன்று விரல்கள் பார்த்துக்கொள்ளும். ஆட்காட்டிக்கு ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பி மட்டும்தான் பொறுப்பு. அந்த விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டி, எலும்பு ஓரம் படும்படி வையுங்கள். கட்டைவிரலால் நசுக்காமல் முழங்கையைப் பின்னால் இழுத்துப் பாருங்கள், அழுத்தம் தானாக வரும். மணிக்கட்டு வலிக்கிறது என்றால் அது மடங்கியிருக்கிறது. கிட்டாரின் கழுத்தை மேலே தூக்கி உட்காருங்கள். விரல் நுனி வலியைப் பொறுக்கலாம், சில வாரத்தில் காய்த்துவிடும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், கீழே வைத்துவிடுங்கள்.

ஜிசிஜி:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஜி-சி பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஜி-யை மோதிர விரல் (ஆறாவது கம்பி, 3-வது ஃப்ரெட்), நடுவிரல் (ஐந்தாவது கம்பி, 2-வது ஃப்ரெட்), சுண்டு விரல் (முதல் கம்பி, 3-வது ஃப்ரெட்) வைத்துப் பிடியுங்கள். சி-க்குப் போகும்போது மோதிர விரலும் நடுவிரலும் ஜோடியாகத் தரைப் பக்கம் ஒரு கம்பி இறங்கினால் போதும். ஆட்காட்டி இரண்டாவது கம்பியில் முதல் ஃப்ரெட்டில் வந்து உட்காரும், சுண்டு விரலுக்கு ஓய்வு. சி-யிலிருந்து ஏ மைனர் இன்னும் சுலபம், மோதிர விரல் ஒன்றுதான் நகர வேண்டும்.

இன்னொன்று, இடது கை தயாராகவில்லை என்று வலது கையை நிறுத்தாதீர்கள். மாறும் அந்த அரை நொடி வெறும் கம்பியைத் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. தாளம் நின்றால்தான் உறுத்தும்.

ட்யூன்பண்ணு:

அரை மணி நேரத்தை மூன்று பத்து நிமிடங்களாக உடைத்துப் பாருங்கள். கிட்டாரைப் பெட்டிக்குள் பூட்டாமல் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பெட்டியைத் திறக்கிற சோம்பலிலேயே என் முதல் வருஷம் போய்விட்டது.

தாமதவாசிப்பு:

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பத்துப் பத்து நிமிடம் கார்டு மாற்றிப் பழகச் சரி. ஒரு பாட்டை முழுதாக வாசிக்க வாரத்தில் ஒரு நாளாவது நீளமாக உட்கார வேண்டும். இல்லையென்றால் கார்டுதான் தெரியும், பாட்டு தெரியாது. எனக்கு அப்படித்தான் ஆனது.

ஆறாவதுகம்பி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சோதித்தேன். முதல் ஃப்ரெட்டில் தாள் என்ன, மடித்த அட்டையே நுழைந்தது. சரிசெய்பவர் நட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். இப்போது எஃப்பில் ஐந்து கம்பி பேசுகிறது. இரண்டாவது மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது, விரல் மடிப்பு சரியாக அதன் மேல் விழுகிறது என்று நினைக்கிறேன். மணிக்கட்டு வலி இல்லை. ஜி-சி நிமிடத்துக்கு 22 முறை வந்துவிட்டது. மகளுக்கு எவ்வளவு என்று நான் எண்ணவில்லை.

கேப்போவும் நல்ல யோசனைதான். அவள் எங்கே வைத்தாள் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.