வீட்டுக்கு மேலே சுற்றும் பயிற்சி விமானங்கள்: உங்கள் அனுபவம்?

மாடிவீடு
போன சனிக்கிழமை நடந்தது மனதைவிட்டுப் போகவில்லை. கலிஃபோர்னியாவில் இருக்கிறோம், அரை மைலில் சின்ன விமான நிலையம். டச் அண்ட் கோ, அதாவது ஓடுதளத்தைத் தொட்டவுடன் நிற்காமல் மறுபடி எழும்பிச் சுற்றும் பயிற்சி, எப்படியென்று உங்களுக்கே தெரியும். ஊரில் அப்பா ஆபரேஷன் முடிந்து முதல்முறையாகப் பேசினார். குரலே எழும்பவில்லை. "கண்ணு..." என்று தொடங்கினார், தலைக்கு மேல் செஸ்னா, சின்னப் பயிற்சி விமானம். சில நிமிடத்தில் அதே விமானம் மறுபடியும். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினேன். அவர் என்ன கேட்டாரோ, "சரிப்பா" என்று மட்டும் சொன்னேன்.

பழையவர்
ஓடுதளம் இருப்பது தெரிந்துதானே வீடு வாங்கியிருப்பீர்கள்? இங்கே பல நிலையங்கள் 1930, 40களிலேயே வந்தவை. வீடுகள்தான் பிறகு நெருங்கின. நானும் ஏமாந்தவன்தான். பார்க்கப் போன அன்று மூடுபனி, ஒன்றுகூடப் பறக்கவில்லை.

மாடிவீடு
வாடகை வீடு, ஐயா.

இரண்டுபிள்ளை
எது முதலில் வந்தால் என்ன? சின்னவனின் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஈயம் என்ற வரியை நர்ஸ் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தார். விமானத்தால்தானா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் கார்களுக்கு ஈய பெட்ரோல் 1996லேயே தடை. இந்த மாதிரி பிஸ்டன் எஞ்சின் வைத்த சின்ன விமானங்கள் போடும் 100எல்எல் என்ற விமான பெட்ரோலில் இன்னும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ நிலையத்தைச் சுற்றி நடந்த ஆய்வு 2021இல் வந்தது. கிட்டே வசிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. அந்த நிலையத்தை நடத்தும் சாண்டா கிளாரா கவுண்டி நிர்வாகம் 2022 ஜனவரி முதல் அங்கே அந்த எரிபொருள் விற்பனையை நிறுத்திவிட்டது. சின்னக் குழந்தை இருந்தால் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் டாக்டரிடம் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பம் தூசியைக் கிளப்பிவிடும். செருப்பு வாசலோடு நிற்கட்டும். சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைக் கழுவிவிடுங்கள். புகார் கொடுப்பதென்றால் நாள், நேரம், N என்று தொடங்கும் பதிவெண் மூன்றையும் குறித்துவையுங்கள். வெறுமனே சத்தம் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஏரிக்கரை
எங்களுக்குச் சத்தம்கூடப் பழகிவிட்டது. தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பயிற்சி ஓடுதளத்துக்கு மதில் எழுப்பியபோது ஏரிக்குப் போகும் வரத்து வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். முதல் பெருமழையில் தண்ணீர் மதிலோரம் தேங்கி எங்கள் கடலைக் கொல்லைக்குள் ஏறியது. சித்தப்பா முழங்கால் தண்ணீரில், மதிலில் கைவைத்து நின்றார். அந்தப் பக்கம் ஏரியில் பாதிகூட நிறையவில்லை.