மாவுச்சத்தைக் குறைத்து இளைத்த உடம்பு அப்படியே நிற்குமா?

கேள்வி: சாட்ஸ்வர்த் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன்; வயது 54. வார இறுதியில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற செப்டம்பரில் என் எடை 91 கிலோவாக இருந்தது. முழங்கால் வலியால் மாடிப்படி ஏறவே தயங்கிய நிலையில், உடன் பணிபுரியும் ஒருவர் சொன்னதைக் கேட்டு, இங்கே எல்லாரும் 'பாண்டிங்' என்று அழைப்பதும் தமிழ்நாட்டு உறவினர்கள் 'பேலியோ' என்று சொல்வதற்கு மிக நெருங்கியதுமான உணவு முறையைத் தொடங்கினேன். சோறு, ரொட்டி, மீலி (மக்காச்சோள) மாவு, உருளைக்கிழங்கு, சர்க்கரை ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்தினேன்.

முதல் இரண்டு வாரங்களிலேயே நான்கு கிலோ குறைந்தது. மார்ச் மாதம் 79 கிலோவுக்கு வந்தேன். முழங்கால் வலி பாதியாகக் குறைந்ததை நான் மறுக்க முடியாது. ஆனால் அதன் பிறகு ஐந்து வாரங்கள் தராசு முள் அசையவே இல்லை. பிறகு மெல்ல ஏறத் தொடங்கி, இன்று 83-இல் நிற்கிறது.

என்னால் முடிந்தவரை ஒழுங்காகத்தான் இருந்தேன். தினமும் மாலையில் காலிபிளவரைத் துருவி, ஆவியில் வேகவைத்து, மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்து, தாளித்துச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டேன். பிழியாமல் விட்டால் குழம்பு ஊற்றியவுடன் தட்டெல்லாம் தண்ணீராகிவிடும். கணவருக்கும் மகனுக்கும் சோறும் பருப்பும் தனியாக வைக்க வேண்டும். பத்து மாதங்களாக ஒரே அடுப்பில் இரண்டு குடும்பத்துக்குச் சமைத்ததைப் போல அலுத்துவிட்டது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது, பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் ஒரு கிண்ணம் குடித்தேன். வீட்டுக்கு வந்து மதியம் எல்லாருடனும் அமர்ந்து சோறும் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் ஒன்றரை கிலோ கூடியிருந்தது. அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

இப்போது புரட்டாசி வருகிறது. மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் மீனும் இறைச்சியும் முட்டையும் கிடையாது. அப்போது நான் எதைச் சாப்பிடுவேன் என்றே தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடும் என் கணவரும் அடுத்த வாரம் முதல் என்னுடன் சேர்ந்துகொள்வதாகச் சொல்கிறார். இந்த முறையில் இளைத்தது நிலைக்குமா? நான் எங்கே தவறினேன்? மூன்று ஆண்டுகளுக்கு மேல் எடையைப் பிடித்து வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் உணவியலாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எங்கும் தவறவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு கிண்ணம் கூழுக்காக அழ வேண்டியதே இல்லை.

நம் உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. அது ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராமுடனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்கும். சோற்றையும் ரொட்டியையும் நிறுத்திய முதல் நாட்களில் அந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. உங்களுக்கு முதல் இரண்டு வாரங்களில் குறைந்த நான்கு கிலோவில் கணிசமான பங்கு இதுதான். கூழும் சோறும் உள்ளே போனவுடன் சேமிப்பு மீண்டும் நிரம்புகிறது, தண்ணீரும் திரும்புகிறது. ஒரே நாளில் ஒன்றரை கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், செலவாவதற்கு மேல் பத்தாயிரம் கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். அன்று நீங்கள் தராசில் பார்த்தது பெரும்பாலும் தண்ணீர்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பாண்டிங் என்ற பெயர், 1863-இல் தாம் இளைத்த கதையைச் சிறுநூலாக வெளியிட்ட லண்டன்வாசி வில்லியம் பாண்டிங்கிடமிருந்து வந்தது. நம் நாட்டில் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டிம் நோக்ஸ். அவர் பங்களித்த சமையல் நூல் 2013-இல் வெளிவந்தது. அவர் மீதான தொழில்முறை விசாரணை 2017-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது என்பதைக் காட்டி, 'உணவு முறையே நிரூபணமாகிவிட்டது' என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த விசாரணை, ஒரு தாய்க்கு அவர் ட்விட்டரில் அளித்த பதில் தொழில் நெறிக்கு முரணானதா என்பதைப் பற்றியது. இளைத்த எடை நிற்குமா என்பதற்கு அங்கே விடை தேட முடியாது.

விடையைத் தர வேண்டியவை நீண்டகால ஆய்வுகள். 2003-இல் அமெரிக்காவில் 63 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், ஆறு மாதங்களில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள், கொழுப்பைக் குறைத்தவர்களை விடத் தெளிவாக முன்னிலையில் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில் 609 பேர் கலந்துகொண்டார்கள். ஓராண்டில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இளைத்தார்கள். 61 ஆய்வுகளைத் தொகுத்து நம் நாட்டு ஆய்வாளர்கள் முன்னின்று 2022-இல் வெளியிட்ட காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வும் இதையே உறுதிப்படுத்துகிறது: மாவுச்சத்தைக் குறைத்த உணவுக்கும், மாவுச்சத்தைச் சீரான அளவில் வைத்த எடைக் குறைப்பு உணவுக்கும் இடையே எடையில் பெரிய வேறுபாடு கிடையாது.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது இஸ்ரேலில் 322 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு. இரண்டு ஆண்டுகள் முடிந்தபோது மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 4.7 கிலோவும், ஆலிவ் எண்ணெயும் கொட்டைப்பருப்புகளும் காய்கறியும் மிகுந்த மத்தியதரைக்கடல் உணவை உண்டவர்கள் 4.4 கிலோவும் குறைந்திருந்தார்கள். ஆய்வு முடிந்து மேலும் நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் எடை பார்த்தபோது, முதல் குழுவில் நின்றது 1.7 கிலோ, இரண்டாவது குழுவில் நின்றது 3.1 கிலோ. மனிதர்கள் உணவு முறையை விட்டுவிட்டது எடை திரும்பியதற்கு ஒரு காரணம். உடலே எதிர்த்து நிற்பது மற்றொரு காரணம். மெல்போர்னில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, எடை குறைத்து ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. எந்த உணவு முறையில் இளைத்தாலும் இந்தப் பசி பின்தொடரும். மார்ச்சுக்குப் பிறகு உங்களுக்கு நேர்ந்ததும் இதுவே என்று கருதுகிறேன்.

91-இலிருந்து 83 என்பது, இந்த ஆய்வுகளின் சராசரியை விட நல்ல நிலை. 79-ஐ மீண்டும் துரத்துவதை விட, இந்த 83-ஐ ஓராண்டு காப்பதையே இலக்காகக் கொள்ளுங்கள் என்று என் நோயாளியாக இருந்தால் சொல்வேன். இதற்கிடையே கொலஸ்டிராலை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். வெண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும் கூடும்போது சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்டிரால் வெகுவாக ஏறிவிடுகிறது.

பதில்: டோங்காட்டிலிருந்து ஒரு பேருந்து ஓட்டுநர்

வணக்கம் அக்கா. மூன்று ஆண்டுகளுக்கு மேல் பிடித்து வைத்திருப்பவர் உண்டா என்று கேட்டீர்கள். எனக்கு ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டன. 118 கிலோவிலிருந்து 96 வரை வந்து, இப்போது 101-இல் இருக்கிறேன். ஐந்து கிலோ திரும்பியதை நான் தோல்வியாக நினைக்கவில்லை.

இது என் இரண்டாவது முயற்சி. முதல் முறை உங்களைப் போலவே எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். ஏழு மாதங்கள் கழித்து என் சித்தப்பா மகள் திருமணத்தில் பிரியாணிப் பாத்திரத்தைத் திறந்தபோது வந்த வாசனையோடு அந்த விரதம் முடிந்தது. ஒரு தட்டோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. 'போயே போய்விட்டது, இனி என்ன' என்று நினைத்தேன் பாருங்கள், அந்த நினைப்பு ஓராண்டில் பதினைந்து கிலோவைத் திருப்பிக் கொடுத்தது.

இரண்டாவது முறை நானும் என் மனைவியும் உட்கார்ந்து, எதை வாழ்நாள் முழுவதும் விட முடியும், எதை விட முடியாது என்று எழுதிப் பார்த்தோம். குளிர்பானத்தை என்னால் விட முடியும். வண்டியில் தினமும் இரண்டு லிட்டர் புட்டி ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தேன். ரொட்டியையும் விட முடியும். வேலை நாட்களில் மதியம் வாங்கும் கால் 'பன்னி'யில் (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய உணவு), குழம்பை எண்ணாமல் ரொட்டியை மட்டும் கணக்கிட்டாலே 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது என்று மருந்தகத்தில் ஒருவர் சொன்னபோதுதான் தெரிந்தது. சோற்றையும் சுகர் பீன்ஸ் (உலர்ந்த பயறு வகை) கறியையும் என்னால் விட முடியாது. ஆகவே சோறு இரவில் ஒரு கரண்டி, அதுவும் தட்டில் கடைசியாக விழ வேண்டும். முதலில் கீரையும் கத்தரிக்காயும் பாதித் தட்டை நிரப்பும், அடுத்து முட்டை போட்ட டின் மீன் குழம்போ கோழியோ வரும், மிச்சமிருக்கும் இடம் சோற்றுக்கு. வீட்டில் ஒரே பானைதான். என் மனைவி எனக்கென்று தனியாக ஒன்றும் சமைப்பதில்லை. அதனால்தான் இது ஐந்து ஆண்டுகள் ஓடியிருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் எடை பார்ப்பேன். 103-ஐத் தொட்டால் இரண்டு வாரங்களுக்குச் சோறு கிடையாது. இறங்கியவுடன் கரண்டி திரும்பிவிடும். பணி முறை அனுமதிக்கும் நாட்களில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். இளைப்பதற்கு நடை எவ்வளவு உதவியது என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் நடக்காத மாதங்களில்தான் எனக்கு எடை ஏறியிருக்கிறது. கோயில் கூழையும் நான் விட்டதில்லை, அக்கா. ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆத்தாள் கூழால் யாரும் பருத்ததில்லை.

பதில்: லெனேசியாவிலிருந்து ஒரு மகள்

அம்மா, உங்கள் கணவர் அடுத்த வாரம் தொடங்குவதாக எழுதியிருப்பதைப் படித்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருத்துவரைப் பார்க்கும் முன் அவர் தொடங்க வேண்டாம்.

என் அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாத்திரையைக் குறைக்காமல் சோற்றை மட்டும் நிறுத்தினார். நான்காம் நாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை லிட்டருக்கு 2.6 மில்லிமோல் என்று காட்டியது, அது மிகவும் குறைவு. சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். அந்தக் கால் மணி நேரத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு முந்தைய வாரம் மருந்து வாங்கப் போனபோது, உணவை மாற்றப் போவதாக அவர் சொல்லியும் யாரும் எச்சரிக்கவில்லை.

பிறகு மருத்துவர் விளக்கினார். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து மிகவும் குறைவு. ஆனால் கிளிக்ளசைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள் நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. உணவில் மாவுச்சத்து குறையும்போது அவற்றின் அளவையும், இன்சுலின் ஊசி போடுபவர் என்றால் ஊசியின் அளவையும், தொடக்கத்திலேயே மருத்துவர் குறைத்துக் கொடுக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வகை மாத்திரைகளில் வேறோர் ஆபத்து உண்டு: சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்பும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பா இப்போது குறைந்த மாத்திரையோடு, அளவான சோற்றோடு நன்றாக இருக்கிறார். முறை கெட்டது என்று நான் சொல்லவில்லை. மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் தொடங்குவதுதான் கெட்டது.

மறுமொழி: சாட்ஸ்வர்த் ஆசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. லெனேசியா மகளே, உங்கள் பதிலைப் படித்தவுடன் எழுந்துபோய் அவருடைய மாத்திரைப் பெட்டியைப் பார்த்தேன். மெட்ஃபார்மினும் கிளிக்ளசைடும் இருக்கின்றன. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். அதுவரை அவர் வழக்கம்போலவே சாப்பிடுவார்.

தம்பி, நீங்கள் சொன்ன ஒரே பானை என்ற சொல் என் மனதில் தைத்துவிட்டது. நேற்று இரவு காலிபிளவரைத் துருவவில்லை. எல்லாருக்கும் ஒரே சமையலாகச் செய்து, நானும் கடைசியாக ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன். உணவியலாளர் அவர்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: புரட்டாசியில் பருப்பையும் சுகர் பீன்ஸையும் சேர்த்துக்கொண்டால் மாவுச்சத்து மிகுந்துவிடாதா? சேப்பங்கிழங்கை, அதாவது இங்கே மடும்பே என்று விற்பதை, முழுவதும் ஒதுக்க வேண்டுமா?

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் உணவியலாளர்

பருப்பையும் பீன்ஸையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை வேகவைத்த பருப்பில் மாவுச்சத்து ஏறக்குறைய 40 கிராம் இருந்தாலும், அதில் 15 கிராம் அளவுக்கு நார்ச்சத்தே. கூடவே 18 கிராம் புரதமும் கிடைக்கிறது. அதனால் ரத்தத்தில் சர்க்கரை மெல்லத்தான் ஏறும், பசியும் நெடுநேரம் அடங்கியிருக்கும். நாள் ஒன்றுக்கு 20 கிராம் என்ற கடுமையான எல்லைக்குள் இது அடங்காது என்பது உண்மை. ஆனால் 130 கிராமுக்குள் இருப்பதும் குறைந்த மாவுச்சத்து உணவாகவே கணக்கிடப்படுகிறது, அந்த எல்லைக்குள் ஒரு மாதத்தை எளிதாகக் கடத்தலாம். சோயா கொத்தும் பனீரும் நிலக்கடலையும் இறைச்சியின் இடத்தை நிரப்பும். மடும்பே சமைக்கும் நாளில் அதையே சோறாக நினைத்து, சோற்றுக் கரண்டியை விட்டுவிடுங்கள்.