பயர்பாக்ஸ் 128 இஎஸ்ஆரிலிருந்து 140-க்கு மாறும்போது: செங்குத்து டேப், டேப் குழு, பழைய சிஎஸ்எஸ்

கோபுரக்கிளி கேட்டது:

வணக்கம். அலுவலகத்தில் 12 கணினிகள். 11-இல் விண்டோஸ் 10, பயர்பாக்ஸ் 128 இஎஸ்ஆர் (நிறுவனங்களுக்கான நீண்டகால ஆதரவுப் பதிப்பு). ஒன்றில் மட்டும் இன்னும் விண்டோஸ் 7, அதில் பதிப்பு 115. எல்லாவற்றையும் 140 இஎஸ்ஆருக்கு ஏற்ற வேண்டும்.

நாலைந்து பேர் டேப்களைப் பக்கவாட்டில் கிளை கிளையாகக் காட்டும் ட்ரீ ஸ்டைல் டேப் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள டேப் பட்டையை மறைக்க, பயர்பாக்ஸின் தோற்றத்தை மாற்றும் யூசர்குரோம் சிஎஸ்எஸ் (userChrome.css) கோப்பும் உண்டு. இப்போது பயர்பாக்ஸிலேயே செங்குத்து டேப் (டேப்கள் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நிற்பது) வந்துவிட்டதால் நீட்சியை எடுத்துவிடலாமா? டேப்களைக் குழுவாகச் சேர்த்தால் அந்தக் குழு இன்னொரு கணினிக்கும் சிங்க் ஆகுமா (தானாகப் போய்ச் சேருமா)? ஏற்றும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

ஜன்னல்கம்பி:

முதலில் விண்டோஸ் 7 கணினியை இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். 116-லிருந்து பயர்பாக்ஸுக்கு விண்டோஸ் 10 கட்டாயம். 7, 8, 8.1 மூன்றுக்கும் 115 இஎஸ்ஆர்தான் கடைசி. புதிய வசதி எதுவும் அதற்கு வராது.

மற்ற 11-க்கு: ஏற்றும் முன் புரொஃபைல் ஃபோல்டரை (புக்மார்க், அமைப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) நகலெடுங்கள். முகவரிப் பட்டையில் அபவுட்:சப்போர்ட் (about:support) என்று அடித்தால் வரும் பக்கத்தில் 'புரொஃபைல் ஃபோல்டர்' வரிசையில் திறக்கும் பொத்தான் இருக்கும். ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, பயர்பாக்ஸை முழுக்க மூடிவிட்டு, பிறகு நகலெடுக்க வேண்டும். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 140 ஒருமுறை தொட்ட புரொஃபைலை 128 திறக்காது. 'பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள்' என்று சொல்லி, புது புரொஃபைல் உருவாக்கவா, வெளியேறவா என்று மட்டும் கேட்கும். பதற்றத்தில் 'உருவாக்கு' என்று அழுத்திவிட்டு, புக்மார்க் எல்லாம் போய்விட்டது என்று ஓடி வருவார்கள். போகவில்லை, பழைய ஃபோல்டரிலேயே இருக்கும்.

செங்குத்து டேப் 136-இல் வந்தது, 140 இஎஸ்ஆரிலும் உண்டு. செட்டிங்ஸ் → ஜெனரல் → பிரவுசர் லேஅவுட் பகுதியில் தேர்ந்தெடுக்கலாம். அல்லது டேப் பட்டையில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்தால் மெனுவிலேயே இருக்கும். டூல்பாரில் உள்ள சைட்பார் (பக்கப் பட்டை) பொத்தானை அழுத்த அழுத்த, தலைப்போடு விரிவதும் ஐகான் மட்டும் தெரியும்படி சுருங்குவதுமாக மாறும். சைட்பாரின் அடியில் உள்ள பற்சக்கரத்தில் அதை வலப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

அந்த யூசர்குரோம் கோப்புதான் வில்லங்கம். டேப் பட்டையையும் சைட்பார் தலைப்பையும் மறைக்க 128 காலத்தில் எழுதிய வரிகள், உள்ளே அமைப்பே மாறிவிட்ட புது சைட்பாரில் எதை மறைக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்றுவதற்கு முன்பே புரொஃபைல் ஃபோல்டருக்குள் 'குரோம்' (chrome) என்ற உள்ஃபோல்டருக்குப் போய் கோப்பின் பெயரை மாற்றி வையுங்கள். ஏற்றிய பிறகு ஏதாவது கோணலாகத் தெரிந்தால் ஹெல்ப் மெனுவில் உள்ள ட்ரபிள்ஷூட் மோடில் திறந்து பாருங்கள். அதில் நீட்சிகளும் இந்தக் கோப்பும் இயங்காது. அங்கே சரியாகத் தெரிந்தால் குற்றவாளி இவற்றில் ஒன்றுதான்.

நீட்சியை எடுப்பதா என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது. பயர்பாக்ஸின் செங்குத்து டேப் ஒரே நெடிய பட்டியல். தாய் டேப்புக்குக் கீழே சேய் டேப் என்ற கிளை அமைப்பு அதில் இல்லை. கிளை வேண்டும் என்பவர் நீட்சியிலேயே இருக்கட்டும், ஆனால் அவர் கணினியில் செங்குத்து டேப்பை இயக்காதீர்கள். சைட்பாரில் இரண்டு டேப் பட்டியல் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

நுனிப்புல்:

குழுவைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு டேப்பை இழுத்து இன்னொன்றின் மேல் ஒரு கணம் நிறுத்தி விட்டால் குழு உருவாகும். பெயரும் நிறமும் கேட்கும். பெயர் வைக்காமல் விட்டால் வெறும் நிறத் துண்டாக நிற்கும், ஒரு வாரம் கழித்து அது எதற்கென்று யாருக்கும் தெரியாது. நிறைய டேப்களைச் சேர்க்க, கன்ட்ரோல் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து, பிறகு ரைட் கிளிக் மெனுவில் புதுக் குழுவில் சேர்க்கலாம்.

புதிதாகப் பயன்படுத்துபவர்கள் சறுக்குவது இங்கேதான்: டேப்பை வெறுமனே இடம் மாற்ற இழுக்கும்போது கை தயங்கினால் வேண்டாத குழு உருவாகிவிடும். குழுப் பெயரில் ரைட் கிளிக் செய்து குழுவைக் கலைக்கலாம், டேப்கள் அப்படியே இருக்கும். அதே மெனுவில் உள்ள 'குழுவை நீக்கு' வேறு. அது டேப்களையும் சேர்த்து மூடிவிடும். தவறி அழுத்திவிட்டால் ஹிஸ்டரி மெனுவில் சமீபத்தில் மூடியவற்றில் தேடுங்கள். மூன்றாவது, 'சேமித்து மூடு': பட்டையிலிருந்து மறையும், டேப் பட்டையின் கடைசியில் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியில் கிடைக்கும். பின் செய்த (பட்டையின் தொடக்கத்தில் நிலையாகப் பொருத்திய) டேப் குழுவில் இருக்காது. குழுவில் உள்ளதைப் பின் செய்தால் வெளியே வந்துவிடும்.

சிங்க்? குழு சிங்க் ஆகாது. அந்தந்தக் கணினியின் செஷன் கோப்பில்தான் (திறந்த டேப்களை நினைவில் வைக்கும் கோப்பு) இருக்கிறது. இன்னொரு கணினியில் வேண்டுமென்றால் குழுவின் டேப்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் புக்மார்க் செய்து தனி ஃபோல்டரில் போடுங்கள். புக்மார்க் சிங்க் ஆகும். அங்கே ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து மொத்தமாகத் திறக்கலாம். 15 டேப்புக்கு மேல் என்றால் ஒரு எச்சரிக்கை கேட்கும், அவ்வளவுதான்.

ஹிஸ்டரி அமைப்பை 'ஒருபோதும் நினைவில் வைக்காதே' என்று வைத்திருப்பவர்களுக்குக் குழுவைச் சேமிப்பது பயன்படாது. அது எப்போதும் பிரைவேட் விண்டோவில் இருப்பதற்குச் சமம், மூடினால் குழுவும் போச்சு.

முகவரிப் பட்டையிலேயே கணக்கும் போடலாம். 1280*12 என்று அடித்தால் விடை கீழே வரும், கிளிக் செய்தால் நகலாகும். கிலோமீட்டர், மைல் மாதிரி அலகு மாற்றலும் அங்கேயே செய்யலாம்.

ஜன்னல்கம்பி:

ஒரு திருத்தம். கணக்கு 137-இல் வந்தது, அதனால் 140 இஎஸ்ஆரில் இருக்கிறது. அலகு மாற்றல் 141. தானாகக் குழு பிரித்துத் தரும் ஏஐ வசதியும் 141-தான். இஎஸ்ஆர்காரர்கள் அடுத்த பெரிய ஏற்றம் வரை காத்திருக்க வேண்டும்.

140-இலேயே வந்தது ஒன்று உண்டு: டேப்பில் ரைட் கிளிக் செய்து 'அன்லோட்' செய்வது. டேப் இருக்கும், அது பிடித்த ராம் விடுபடும். மறுபடி கிளிக் செய்தால் பக்கம் புதிதாக ஏறும். பாதி நிரப்பிய படிவம் உள்ள டேப்பில் இதைச் செய்யாதீர்கள், அடித்தது போய்விடலாம். எந்த டேப் ராமைத் தின்கிறது என்று பார்க்க, மெனு → மோர் டூல்ஸ் → டாஸ்க் மேனேஜர்.

கோபுரக்கிளி:

நன்றி. ஒரு கணினியில் ஏற்றிப் பார்த்தேன். செங்குத்து டேப் போட்டதும் விண்டோவை எங்கே பிடித்து நகர்த்துவது என்றே தெரியவில்லை. மேலே முகவரிப் பட்டையும் நீட்சி ஐகான்களும் மட்டும்தான்.

நுனிப்புல்:

டேப் பட்டை போனதும் பிடிமானமும் சேர்ந்தே போய்விடும். டூல்பாரில் ரைட் கிளிக் → கஸ்டமைஸ் டூல்பார். வரும் பக்கத்தில் கீழே இடது மூலையில் 'டைட்டில் பார்' பெட்டியை டிக் செய்யுங்கள். அந்த ஒரு வரி உயரம் வீண் என்று நினைத்தால் அதே பக்கத்திலிருந்து 'ஃப்ளெக்சிபிள் ஸ்பேஸ்' ஒன்றை இழுத்து முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் போடுங்கள். அந்தக் காலி இடத்தைப் பிடித்து நகர்த்தலாம்.