புதுப்பிப்பு: செடி அறைக்குக் காற்று வந்தாயிற்று, வெளிச்சம் வெளியே போவதில்லை

சென்னை ஃபிளாட்டில் ஒரு சின்ன அறையில் எல்இடி விளக்கு போட்டு லெட்டூஸும் (சாலட் கீரை) பேசிலும் (ஒரு துளசி வகை) வளர்ப்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பகல் சூட்டுக்குப் பயந்து விளக்கை இரவில்தான் போடுகிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுப் படுக்கையறை முழுக்க ஊதா வெளிச்சம். மூடினால் அறை வெந்துபோகும். அதற்கு வழி கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

காற்று வளைந்து போகும், வெளிச்சம் நேராகத்தான் போகும். அவ்வளவுதான் விஷயம். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு முன்னால் ஒரு பிளைவுட் பெட்டி. உள்ளே இடமும் வலமுமாக மாறி மாறித் தடுப்புப் பலகைகள். உட்புறம் முழுக்கக் கரும்பலகைப் பெயின்ட். பளபளக்கும் கறுப்பு வேண்டாம், வெளிச்சம் பட்டுத் தெறித்து வெளியே வந்துவிடும். பலகைகளுக்கு நடுவே உள்ள சந்து, ஃபேனின் காற்றுக் குழாய் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 6 அங்குலக் குழாய்க்கு அது சுமார் 28 சதுர அங்குலம். ஒவ்வொரு வளைவிலும் காற்று மட்டுப்படும் என்பதால் நான் இன்னும் தாராளமாகவே விட்டேன்.

காற்று உள்ளே வர, கதவின் அடியில் இதே மாதிரி இன்னொரு பெட்டி. அங்கே ஊதுபத்தியைக் காட்டினால் புகை விறுவிறுவென்று உள்ளே இழுபடுகிறது. அப்புறம் கதவைச் சாத்தி, வராந்தா விளக்கை அணைத்துப் பார்த்தேன்: சாவித் துவாரத்தில் மட்டும் ஒரு ஊதாப் பொட்டு. டேப் ஒட்டியாயிற்று.

ஃபேன் எவ்வளவு ஓடினாலும் அறை வெளிக்காற்றைவிடக் குளிராது. மே மாதம் ஏசி இல்லாமல் லெட்டூஸ் கசக்கத்தான் செய்யும், பேசில் தாங்கும்.