புதுப்பிப்பு: எண்ணூர் பக்கம் பார்த்த பழைய பென்ஸ் டபிள்யூ124

இந்த கார்ல இன்ஜின் சூடானதும் ஐடில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதப்போ ஓடுற வேகம்) ஆடுது, ஸ்கேனர்ல கோளாறு ஒண்ணும் வரலைன்னு முன்னாடி போட்டிருந்தேன். காரணம் இன்ஜின் வயரிங். 90களின் முதல் பாதியில் வந்த இந்த மாடல் வண்டிகள்ல வயரோட மேல்தோல் சூட்டில் காய்ந்து, இன்ஜெக்டர் (பெட்ரோலை பீச்சுற பாகம்) பக்கம் லேசா வளைச்சாலே அப்பளமா நொறுங்கும். டேப் சுத்துறது வேலைக்காகாது. உள்ளே ஷார்ட் ஆனா இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், அதாவது ஈசியூவே போயிடும், அதோட விலை வேற! இன்ஜினுக்குப் போற காத்தைக் கூட்டிக் குறைக்குற த்ராட்டில் ஆக்சுவேட்டர் உள்ளேயும் அதே வயர்தான். அதனால முதல்ல ஹார்னஸை (இன்ஜின் வயர் கட்டு) முழுசா மாத்தணும், அப்புறம் ஆக்சுவேட்டருக்கு ரீவயரிங். செகண்ட்ஸ் ஆக்சுவேட்டர் வாங்காதீங்க, அதுவும் அதே வயசுதான்.

கடல் உப்புக்காத்துல நின்ன வண்டின்னா ஜாக்கி வைக்குற நாலு இடத்தோட (ஜாக் பாயின்ட்) மூடியையும் கழட்டி, ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. மேலே பளபளன்னு இருக்கும், துரு உள்ளேதான். பேட்டரிக்கு அடியிலயும் பாக்கணும்.

ஆர்சி 15 வருஷத்துக்கு அப்புறம் புதுப்பிச்சிருக்கான்னு பாக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.