குயின் இன்ஹ்யூன்ஸ் மேன்: பார்த்தவங்க, தேடிப் போனவங்க

டைம் ட்ராவல் காதல் தொடர்னு கேட்டா எல்லாரும் போன வருஷம் வந்ததையே சொல்றீங்க. எனக்கு இன்னமும் 2012 ஏப்ரல்ல டிவிஎன்ல ஆரம்பிச்சு ஜூன்ல முடிஞ்ச இந்த 16 எபிசோட் கொரியத் தொடர்தான். தெரியாதவங்களுக்குக் கதை: 1694-ல, கொரியாவை ஜோசன் அரசர்கள் ஆண்ட காலத்துல, கிம் புங்-தோன்னு ஒரு இளம் அறிஞர். அவரை நேசிக்கிற யூன்-வோல் ஒரு தாயத்து குடுக்கறா. உயிர் போற ஆபத்து வந்தா அந்தத் தாயத்து அவரை இன்னைக்கு இருக்கற சியோலுக்குத் தள்ளிவிடுது. இங்க சோய் ஹீ-ஜின்னு ஒரு நடிகை, ஒரு சரித்திரத் தொடர்ல இன்ஹ்யோன் அரசியா நடிச்சிட்டு இருக்கா. புங்-தோ அங்க காப்பாத்தப் பாக்கிறதும் அதே அரசியைத்தான்.

இந்தத் தொடரால நீங்க எங்கயாவது போனீங்களா, யாரையாவது பாத்தீங்களா, எதையாவது தேடிப் படிச்சீங்களா? எழுதுங்க. ஸ்பாய்லர் வரும், பாக்காதவங்க ஒதுங்கிக்கோங்க.

* * *

அக்கா, நான் வேலைக்காக சியோல்ல இருக்கேன். நான் போனது ஷூட்டிங் நடந்த இடங்களுக்கு இல்ல, அந்த அரசி நிஜமாவே இருந்த இடங்களுக்கு.

முதல்ல காம்கோதாங்-கில். ஆங்குக் ஸ்டேஷன்ல இறங்கி புக்சோன் பக்கம் போற கல்சுவர்த் தெரு. வாடகை ஹான்போக் போட்ட பொண்ணுங்க, கைவினைச் சாமான் விக்கிறவங்க, செல்ஃபி எடுக்கற ஜோடிங்கன்னு எப்பவும் கூட்டம். 1689-ல ராஜா சுக்ஜோங் அரசி பட்டத்தைப் பிடுங்கி அனுப்பினதும் இன்ஹ்யோன் வந்து இருந்த வீடு, காம்கோதாங், இங்கதான் இருந்தது. கட்டடத்தை யோஜுவுக்குப் பெயர்த்துக் கொண்டுபோயிட்டாங்க. இங்க மிச்சம் தெருப் பேரும் ஒரு அடையாளக் கல்லும்தான். அந்தக் கல்லு பக்கத்துல நான் நின்ன நேரம் முழுக்க ஒருத்தரும் குனிஞ்சு படிக்கல. ஒரு பையன் மட்டும் அதுமேல காபி கப்பை வெச்சுட்டு ஷூ லேஸ் கட்டினான்.

அப்புறம் சோஓருங். கோயாங்ல இருக்கற அரச கல்லறை வளாகம், 2009-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த ஜோசன் கல்லறைகள்ல ஒண்ணு. அதுல மியோங்னுங்ங்கற கல்லறையில சுக்ஜோங்கும் இன்ஹ்யோனும் பக்கத்துப் பக்கத்துல ரெட்டைப் புல்மேடா இருக்காங்க. செலவைக் குறைங்கன்னு ராஜாவே சொன்னதால கல்பொம்மைங்க எல்லாம் ஆளுயரத்துக்குதான் இருக்கு. மேட்டு மேல ஏற விட மாட்டாங்க, கீழ சடங்கு மண்டபத்துக்கிட்ட நின்னு அண்ணாந்து பாக்கணும். மூணாவது அரசி இன்வோன் அதே மியோங்னுங்ல தனி மேட்டுல. முதல் அரசி இங்க்யோங் அதே வளாகத்துல இங்னுங்ல. போதாததுக்கு, 1969-ல, இன்ஹ்யோனுக்குப் பதிலா அரசி ஆன ஜாங் ஹீ-பின் கல்லறையையும் வேற ஊர்லேர்ந்து எடுத்துட்டு வந்து இந்த வளாகத்துலயே வெச்சுட்டாங்க. உயிரோட இருந்தப்போ ஒருத்தருக்கொருத்தர் முகம் பாக்காதவங்களை எல்லாம் ஒரே டிக்கெட்ல பாத்துடலாம்.

அங்க பெஞ்சுல ஒரு பாட்டி, பேத்தியோட உக்காந்து கிம்பாப் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் எந்த நாடுன்னு கேட்டாங்க. இந்தியான்னேன். எதுக்கு வந்தேன்னு கேட்டதுக்கு இன்ஹ்யோன் அரசின்னேன். சிரிச்சாங்க. இங்க வர்றவங்க எல்லாம் ஜாங் ஹீ-பின் எங்கன்னுதான் கேப்பாங்களாம். அது ஆச்சரியமே இல்ல, பல தலைமுறையா டிவில அவங்க கதையைத் திருப்பித் திருப்பி எடுத்துட்டே இருக்காங்க. நம்ம தொடருக்குள்ள ஹீ-ஜின் நடிக்கிற தொடரோட பேரே ‘புதிய ஜாங் ஹீ-பின்’தானே. பாட்டி ஒரு கிம்பாப் துண்டை நீட்டி, “அவளும் பாவம்தான், போய்ப் பாத்துட்டுப் போ”ன்னாங்க. போனேன். ஒத்தை மேடு, சின்னது. அரசி பட்டத்துலேர்ந்து இறக்கி, சூனியம் வெச்சாங்கன்னு குத்தம் சொல்லி, 1701-ல சாகச் சொல்லி உத்தரவு போட்டவர் அதே சுக்ஜோங். இவங்க பெத்த பையன்தான் 1720-ல ராஜா ஆனார்.

தொடர் இதை நல்லவ, கெட்டவன்னு பிரிச்சு வெச்சது எனக்கு அன்னைக்கே உறுத்தல். நிஜத்துல 1680, 1689, 1694-ன்னு ராஜா மூணு தடவை அரசவையில ஒரு கட்சியைத் துரத்திட்டு இன்னொண்ணைக் கொண்டு வந்தார். 89-லயும் 94-லயும் கட்சியோட சேந்து அரசியும் மாறினாங்க. இன்ஹ்யோன் திரும்பி வந்ததுக்கு எந்த புங்-தோவும் காரணம் இல்ல.

ஆனா தொடர்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது காதல் இல்ல, அந்தப் புத்தகம். புங்-தோ இன்னைக்கு இருக்கற நூலகத்துல உக்காந்து தன் காலத்தைப் பத்தி எழுதினதைப் படிப்பார் பாருங்க, அங்க ஒரு காரியம் பண்ணினா இங்க வரி மாறும். ஜோசன் அரசர்களோட அதிகாரபூர்வக் குறிப்புகள் முழுசும் இணையத்துல இலவசமா கிடைக்குது. மொழிபெயர்ப்பு ஆப்பை வெச்சுக்கிட்டு 1694 பக்கங்களைத் துழாவினேன். புங்-தோ இல்லங்கறது தெரிஞ்ச கதை. அதுல மாட்டினது வேற. சுக்ஜோங் பத்தின குறிப்புகளை ஒரு கட்சிக்காரங்க எழுதி முடிக்கற நேரம் பாத்து, 1727-ல எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்துடுச்சு. வந்தவங்க பழசை அழிக்கல. ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னாடியும் ‘விடுபட்டதும் திருத்தமும்’னு தங்க பங்கை ஒட்ட வெச்சுட்டாங்க. ஒரே ஆளைப் பத்தி முன்னாடி ஒரு தீர்ப்பு, பின்னாடி அதுக்கு நேர்மாறா ஒண்ணு. தாயத்தே இல்லாம வரி மாறியிருக்கு அக்கா. இதைப் படிச்சப்புறம் மறுபடி அந்த நூலகக் காட்சியைப் போட்டுப் பாத்தேன், கற்பனையாவே தோணல.

* * *

தம்பி ஆவணம் படிக்கட்டும், நான் முத்தக் காட்சி ஆள். நான் கொரியா போனதில்ல. வீட்ல தங்கச்சியோட சப்டைட்டில் போட்டுப் பாத்ததுதான். இந்தக் காலத்துல விடைபெறும்போது இப்படித்தான்னு ஹீ-ஜின் அளந்துவிட்டு முத்தம் குடுப்பா இல்ல? அதை அவர் முகம் மாறாம அவளுக்கே திருப்பிச் சொல்ற இடத்துல தங்கச்சி தலையணையைத் தூக்கி டிவி மேல எறிஞ்சா. கடைசி எபிசோட்ல ஒரு டை அவரை உயிரோட இந்தக் காலத்துக்குக் கொண்டு வருதே, அந்த விஷயத்துல ரெண்டு பேருக்கும் சண்டை. அவ ஏமாத்து வேலைங்கறா. காலத்தையே தாண்டினவனை செத்துப் போகவிட்டிருந்தா நான் தொடரையே மன்னிச்சிருக்க மாட்டேன்.

இன்னொண்ணு. தொடர் முடிஞ்ச அன்னைக்கு ரசிகர்கள் கூட்டத்துல, மேடையிலயே புங்-தோவா நடிச்ச ஜி ஹ்யூன்-வூ, ஹீ-ஜினா நடிச்ச யூ இன்-னா மேல தனக்கு நிஜமாவே காதல்னு சொன்ன செய்தி வந்துச்சு. விளம்பரம்னு நெனச்சோம். சில நாள்ல அவங்களும் ரேடியோல ஆமான்னாங்க. அதுக்கு மேல எங்க வீட்ல ஒரு வாரம் வேற பேச்சே இல்ல.

* * *

தம்பி, டிசம்பர்ல சியோல் வர்றேன். சோஓருங்குக்கு எப்படிப் போறது? முத்தக் காட்சி ஆளுக்கு: டை பத்தி நான் உங்க தங்கச்சி கட்சி, மன்னிச்சுக்கோங்க.

* * *

சப்வே 6-வது லைன்ல கூசான் ஸ்டேஷன், அங்கேர்ந்து பஸ் அக்கா. டிக்கெட் 1000 வோன். திங்கக்கிழமை மூடியிருக்கும், அன்னைக்குப் போயிடாதீங்க. டிசம்பர்னா கையுறை, காது மூடுற தொப்பி கண்டிப்பா. மியோங்னுங் வாசல்கிட்டயே வந்துடும், எல்லாரும் அதைப் பாத்துட்டுத் திரும்பிடுவாங்க. ஜாங் ஹீ-பினைப் பாக்க உள்ள நல்லா நடக்கணும், நடந்துடுங்க.