ஹாஸ்காப் செடி நிறையப் பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. என்ன காரணம்?

கேள்வி (மார்க்கம், ஒன்ராறியோ)

வணக்கம். பின்வளவில் டண்ட்ரா வகை ஒன்றும் போரியாலிஸ் வகை ஒன்றுமாக இரண்டு ஹாஸ்காப் (குளிர் தாங்கும், நீலப் பழம் தரும் புதர்) செடி நிற்கின்றன. ஒரே வகை வைத்தால் காய்க்காது, இரண்டு வகை வேண்டும் என்று நர்சரியில் சொன்னார்கள், அதனால்தான் இரண்டு வாங்கினேன். இடுப்பளவு வளர்ந்துவிட்டன. ஏப்ரல் கடைசியிலேயே கிளை முழுக்க வெளிர்மஞ்சள் பூ. ஆனால் ஜூனில் ஒரு கைப்பிடி பழம்கூடத் தேறவில்லை, தேறியதும் ஒரே புளிப்பு. பூத்த நேரம் ஓர் இரவு மைனஸ் 4 வரை போனது, பூ கருகியிருக்குமோ? இப்போது ஜூலையில் மேல் இலைகள் வேறு பழுப்பாகிக் காய்கின்றன. பட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

மறுமொழி (எட்மன்டன்)

அக்கா, குளிர்மேல் பழி போடாதீர்கள். விரிந்த ஹாஸ்காப் பூவே மைனஸ் 7 வரை தாங்கும். செடி மைனஸ் 40இலும் நிற்கும், எங்கள் ஊரில் பார்க்கிறோமே.

சிக்கல் ஜோடியில்தான். டண்ட்ரா, போரியாலிஸ் இரண்டும் சஸ்காச்செவன் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட வகைகள். நெருங்கிய சொந்தம் என்பதால் ஒன்றின் மகரந்தம் மற்றதில் சரியாகப் பிடிக்காது. இதைச் சொல்லாமல் இரண்டையும் சேர்த்து விற்பது எனக்குக் கோபம் வரும் விஷயம். உங்களுக்கு வேண்டியது சொந்தமில்லாத, அதே நேரத்தில் பூக்கிற வகை. அரோரா நல்ல பொருத்தம். போரியல் பியூட்டி, போரியல் பீஸ்ட் இரண்டும் பிந்திப் பூப்பவை, உங்கள் செடிகளுக்கு உதவாது.

பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம். அந்தக் குளிரில் துணிந்து வெளியே வருவது பெரும்பாலும் பம்பிள் தேனீதான்.

மறுமொழி (ஸ்காபரோ)

தங்கச்சி, புளிப்புக்குக் காரணம் அவசரம். தோல் நீலமானதும் பழுத்துவிட்டது என்று நினைத்துவிடுவோம், ஆனால் இனிப்பு ஏற இன்னும் ஒன்றிரண்டு கிழமை வேண்டும். ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். நடுவரை கருஞ்சிவப்பாக, விரலில் சாயம் ஒட்டுகிற மாதிரி இருந்தால் பறிக்கலாம். அதுவரை வலை கட்டாயம். ராபின், சீடர் வாக்ஸ்விங் பறவைகள் ஒரே காலையில் முடித்துவிடும். உங்களுக்குக் குறைந்ததில் அவற்றின் பங்கும் இருக்கலாம்.

இலைக்குப் பயப்படாதீர்கள். கோடை வெயிலில் ஹாஸ்காப் இலை கருகுவது, வெள்ளைப் பூஞ்சணம் படிவது எல்லாம் வழக்கம், அடுத்த வசந்தத்தில் நன்றாகத் துளிர்க்கும். வேர் மேலோட்டமாக ஓடுவதால் அடியில் மரத்தூள் பரப்பி, மண் காயாமல் தண்ணீர் விடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அரோராவை இப்போதே நடலாமா? செடி அடர்ந்துவிட்டது, கொஞ்சம் வெட்டிவிடவும் யோசிக்கிறேன்.

மறுமொழி (எட்மன்டன்)

இந்த வெயிலில் வேண்டாம், செப்டெம்பரில் நடுங்கள். மற்றவற்றிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி வைத்தால் போதும். வெட்டுவதை குளிர்காலக் கடைசியில், மொட்டு விரிய முன்னர் செய்யுங்கள். அதிலும் நுனியை வேலி கத்தரிப்பது போல வெட்ட வேண்டாம், போன வருடத் தளிரில்தான் பூ வரும். வயதான தடித்த கிளை ஒன்றிரண்டை அடியோடு எடுத்தால் நடுவில் வெளிச்சம் விழும்.